குருதிநோய் தீர்த்த அறிஞர்

சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பிறந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். வறுமையும் நோயும் சூழ்ந்த குடும்பம் அவருடையது. பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் முறையே தேர்ச்சி பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் வெப்பமண்டல நாடுகளில் ஸ்புரூ என்னும் குடல்நோய் பலரை வாட்டியது. உணவிலுள்ள சத்துகளைக் குடல் உறிஞ்ச இயலாமையே அந்நோயின் தன்மை. நோயுற்றோர் உடல் மெலிந்து, குருதிச் சோகையால் வெளுத்துப் போவர். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் அந்நோயால் சில நாள் இடைவெளியில் உயிர்நீத்தனர். அதே நோய்க்கு ஆளான சுப்பாராவை ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி காப்பாற்றினார். அந்நோய்க்கு மருந்து காணும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவக் கூடத்திலும் அவர் கதராடை அணிந்தார். அதனை ஆங்கிலேயப் பேராசிரியர் விரும்பவில்லை. எழுத்துத் தேர்வை நன்கு எழுதியிருந்தும், முழுப் பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த நிலைச் சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிவிட்டு, 1923இல் அமெரிக்கா சென்றார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலைப் பணி செய்து வயிறு வளர்த்தார். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை வகுத்தார். தசைகளில் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகிய பொருள்கள் இருப்பதையும் இருவரும் கண்டறிந்தனர். ஏ.டி.பி. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் போன்றது. இதயமும் தசையால் ஆனதே. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் இதயத்திற்கு ஆற்றல் தருவது இம்மூலக்கூறே. இத்தகைய பணிக்குப் பின்னரும் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமையால், 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் இடைவிடாது பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள்களே வாழும். புதிய அணுக்கள் பிரிந்து பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அது குறைந்தால், அணுக்கள் முதிர்ச்சியடையாமல் பருத்து, எண்ணிக்கையில் குறையும். குருதி போதிய உயிர்வளியைச் சுமக்க இயலாமல், களைப்பும் மூச்சிரைப்பும் தோன்றும். பசுங்கீரைகளிலும் பயறுகளிலும் ஈரலிலும் உள்ள இச்சத்தினைச் சுப்பாராவின் குழுவினர் 1945இல் செயற்கையாக உருவாக்கினர். ஸ்புரூ நோயாளிகளின் சோகைக்கு மருந்து கிடைத்தது. உடன்பிறந்தாரைக் காக்க இயலாத கை, முன்பின் அறியாத பலரைக் காத்தது.

குருதிப் புற்றுநோயிலோ, வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. பெருக்கத்திற்கு ஃபோலிக் அமிலம் துணைபுரியுமாயின், அதன் செயலைத் தடுத்தால் பெருக்கமும் அடங்கும் அன்றோ? இக்கருத்தின் வழியே எதிர்ப்பொருள்கள் அவருடைய ஆய்வகத்தில் உருவாயின. அவற்றுள் அமினாப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் நோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். சில குழந்தைகளின் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. யானைக்கால் நோய்க்கான மருந்தும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிரியும் அவர் வழிநடத்திய ஆய்வுகளின் பயன்களே.

1948ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 8ஆம் நாள், தம் 53ஆம் அகவையில், மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். தாம் கண்டவற்றிற்குப் புகழ் தேடாதவர் அவர். உடன்பணியாற்றியோரின் பெயரையே முன்னிறுத்தினார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. எனினும், கருவுற்ற தாய்மார் மருத்துவமனைகளில் பெறும் ஃபோலிக் அமில மாத்திரையிலும், புற்றுநோயை வென்று பள்ளிக்குத் திரும்பும் குழந்தையின் நடையிலும் அவருடைய உழைப்பு வாழ்கிறது.