முதல் வரியில் ஒரு பெண்

நாவலாசிரியராக உலகம் அறிந்த ஏர்னெஸ்ட் ஹெமிங்வே முதலில் ஒரு செய்தி நிருபர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1899 இல் அமெரிக்காவின் ஓக் பார்க்கில் பிறந்த அவர், பல்கலைக்கழகம் செல்லாது, 18 ஆவது வயதில் கன்சாஸ் சிற்றி ஸ்டார் பத்திரிகையில் சேர்ந்தார். குறுகிய வசனங்கள், குறுகிய முதற்பந்தி என்பன அதன் மொழிநடைக் கையேட்டின் முதல் விதிகள்.

அங்கு அவர் இருந்தது ஏழு மாதங்களுக்கும் குறைவே. விடைபெறும் தறுவாயில், 1918 ஏப்ரலில், நுண்கலை நிறுவகமொன்றில் படைவீரர்களுக்காக நடந்த நடன விருந்து பற்றி எழுதினார். வேறு நிருபராயின் ஏற்பாட்டாளர்களின் பெயர்களுடன் தொடங்கியிருப்பார். (நமது பத்திரிகைகளில் பிரதம அதிதி முந்திக்கொள்வார்.) ஹெமிங்வேயோ வெளியே, கொட்டும் பனிமழையில், ஈர நடைபாதையில் நடக்கும் ஒரு பெண்ணுடன் தொடங்கினார். உள்ளே இசை, ஆட்டம், போருக்கெனப் பயிற்சி பெறும் இளைஞர்கள். அவள் யார், ஏன் வெளியே நிற்கிறாள் என்று அவர் விளக்கவில்லை. விருந்தின் விபரங்கள் அனைத்தையும் நாம் அவளை நினைத்தபடியே வாசிக்கிறோம். எல்லோரும் கலைந்த பின்னர், விளக்கணைந்த மேல்மாடி யன்னல்களை அண்ணாந்து பார்ப்பவளும் அவளே.

சில வாரங்களில் செஞ்சிலுவைச் சங்க அம்புலன்ஸ் சாரதியாக இத்தாலி சென்றவர், ஜூலை 8 ஆம் திகதி ஷெல் வீச்சில் படுகாயமடைந்தார். பின்னர் ரொறன்ரோ ஸ்டாருக்கு எழுதினார். 1937 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்களத்திலிருந்தும் செய்தி அனுப்பினார். 1954 இல் நோபல் பரிசு பெற்றார். 1961 ஜூலை 2 ஆம் திகதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அந்த நடன விருந்துச் செய்தி அச்சேறியபோது அதில் அப்பெண்ணின் பெயரும் இல்லை. எழுதியவரின் பெயரும் இல்லை.