வைகைக்கு நீர் தந்தவர்

பாண்டி நாட்டின் தலைநகராகிய மதுரைக்கு அணியாய் விளங்குவது வைகையாறு. வருசநாட்டு மலையில் தோன்றும் இவ்வாறு, மழை மிகுந்த காலத்தில் இருகரையும் தொட்டுப் பெருகும். ஏனைய நாள்களில் வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். இதன் நீரில் கடலைச் சேர்வது மிகச் சிறிதே. எஞ்சியதெல்லாம் வழியிலுள்ள வயல்களிலும் கண்மாய்களிலும் அடங்கிவிடும். ஆகவே, வானம் பொய்த்த ஆண்டுகளில் மதுரையைச் சூழ்ந்த சமவெளி மக்கள் உற்ற துயரம் சொல்லுந் தரமன்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்திலோ நிலைமை வேறு. சிவகிரி மலைப்பகுதியில் பிறக்கும் பெரியாறு, பருவமழையால் பெருவெள்ளங் கொண்டு அடர்ந்த காடுகளின் ஊடே ஓடி அரபிக் கடலில் கலந்துவந்தது. மலைக்கு இப்பால் வறட்சி, அப்பால் வெள்ளம். இடையே நின்றது ஒரு மலைமுகடு. அம்முகட்டைக் கடந்து நீரைக் கிழக்கே திருப்புதல் இயலுமா என்னும் வினா, நூறாண்டுக் காலம் விடையின்றிக் கிடந்தது. அதற்குச் செயலால் விடை கூறியவர் ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியியல் வல்லுநர் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆங்கிலப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1849ஆம் ஆண்டு பஞ்சாபில் சிலியன்வாலா என்னும் இடத்தில் நிகழ்ந்த போரில், தந்தையாரும் தமையனார் ஒருவரும் ஒரே நாளில் உயிர் துறந்தனர். அப்பொழுது சிறுவர் ஜானுக்கு எட்டு வயது நிரம்ப இரண்டு நாள்களே இருந்தன. இளமையில் இத்தகைய இடியேறு வீழ்ந்தும் அவர் கல்வியில் தளர்ந்தாரல்லர். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம் படைப்பயிற்சிக் கல்லூரியிலும் பயின்று, 1858ஆம் ஆண்டு சென்னைப் பொறியாளர் படையில் இடம்பெற்றார். 1860இல் இந்தியா வந்து சேர்ந்தார். பின்னர்ப் பொதுப்பணித் துறையில் பணியாற்றி, பாசன வேலைகளில் நுண்ணிய அறிவும் அனுபவமும் பெற்றார்.

முன்னோர் முயற்சிகள்

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்கின் உள்ளத்தில் முதன்முதல் தோன்றியதன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை, இதனை ஆராய்ந்து வருமாறு பன்னிருவரை மலைக்கு அனுப்பினார். பொருள் மிகுதியாக வேண்டியிருந்தமையால் அம்முயற்சி கைகூடவில்லை. 1808இல் ஆய்வு செய்த கால்டுவெல் என்னும் படைத்தலைவர், இது வீண் கனவென்று அறிக்கை தந்தார். 1850இல் சிறிய அணையொன்று தொடங்கப்பட்டு, நோய் முதலிய இடர்களால் கைவிடப்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் 162 அடி உயரத்தில் மண்ணணை எழுப்பி, முகட்டை வெட்டிக் கால்வாய் அமைக்கலாம் எனத் திட்டம் வகுத்தார். அரசினர் ஆராய்ந்து கொண்டிருந்தபோதே கொடும்பஞ்சம் வந்தது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கூறுவர். எண்ணிறந்த மக்கள் பசியால் மாண்டனர். பஞ்சம் தணிந்தபின், கிடப்பிலிருந்த திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. 1882ஆம் ஆண்டு அதனைத் திருத்தி அமைக்கும் பொறுப்புப் பென்னிகுவிக்கிடம் ஒப்புவிக்கப்பட்டது.

வெட்டுவதா, குடைவதா?

அவர் முன் இரண்டு வினாக்கள் நின்றன. அணையை மண்ணால் கட்டுவதா, கல்லால் கட்டுவதா என்பது ஒன்று. முகட்டைத் திறந்து வெட்டுவதா, உள்ளே குடைவதா என்பது மற்றொன்று. மண்ணணை செலவிற் குறைந்தது. ஆயினும், கட்டும் காலத்தில் வெள்ளம் அதன்மேல் ஏறிப் பாயுமாயின் முழுதும் கரைந்துபோம். கல்லணையோ அவ்வெள்ளத்தைத் தாங்கி நிற்கும். ஆகவே, கல்லும் சுண்ணாம்பும் சுட்ட மண்தூளாகிய சுர்க்கியும் கொண்டு திண்ணிய அணை எழுப்புவதென அவர் துணிந்தார்.

முகட்டை வெட்டுவதென்றால் மலையின் மேற்பகுதி முழுவதையும் அகற்றல் வேண்டும். குடைந்தாலோ, நீர் செல்லும் அளவுக்கு வழி அமைத்தாற் போதும். அணையால் நீர் மட்டம் உயர, ஏரி தேக்கடி வரை பரவும். அங்கே ஆற்றின் அடிமட்டத்திற்கு ஏறத்தாழ 104 அடிக்கு மேலே சுரங்க வாயில் அமையும். அதனுட் புகும் நீர் கிழக்குச் சரிவில் வெளிப்பட்டு, வைரவனாற்றையும் சுருளியாற்றையும் அடைந்து வைகையிற் கலக்கும். இதுவே அவர் வகுத்த நெறி. 1884ஆம் ஆண்டு அரசு இதற்கு இசைவு தந்தது.

அணை அமையவேண்டிய இடமோ திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. நெடுநாள் நடந்த பேச்சின் முடிவில், 1886ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்பட்டது.

இடையூறுகள்

1887ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. யானையும் புலியும் உலவும் காடு, சாலையில்லாத மலை, புகைவண்டி நிலையமோ நெடுந்தொலைவில் இருந்தது. சுண்ணாம்பு முதலிய பொருள்களை மாட்டு வண்டிகளில் மலையடிவாரம் சேர்த்து, இரும்புக் கயிற்று வழியே மேலே ஏற்றி, பின்னர்ப் படகுகளில் அணைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

ஆற்றை ஒருபுறம் ஒதுக்குதற்கு எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் பலகால் அடித்துச் சென்றது. பல திங்கள் உழைப்பு ஓரிரவில் மறைந்தது. மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் தொழிலாளரைக் கொள்ளைகொண்டன. நோயால் மாண்டோர் மட்டும் 483 பேர் என்பர். அவர்களுட் பலருடைய பெயர்கள் இன்று எவர்க்கும் தெரியா. மதுரைச் சமவெளியின் ஒவ்வொரு நெற்கதிரிலும் அவர்தம் உழைப்பும் உயிரும் கலந்துள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

தம் சொத்துகளை விற்றுப் பென்னிகுவிக் இவ்வணையைக் கட்டி முடித்தார் என மக்கள் நன்றிப் பெருக்கால் வழங்கும் கதை ஒன்று உண்டு. அது செவிவழிச் செய்தியே. அணை அரசுப் பணத்தால் எழுந்தது. அக்கதையின்றியும் அவர் பெருமை குறையாது. வெள்ளம் அழித்ததை மீண்டும் கட்டுவித்தார். அஞ்சி அகன்றோருக்கு மாற்றாக வேறு ஆட்களைத் திரட்டினார். எடுத்த வேலையைக் கைவிடாது முடித்தார். இவையே அவர்க்கு உண்மைப் புகழாம்.

வெற்றி

எட்டாண்டு உழைப்பின் பயனாக, ஏறக்குறைய 1,200 அடி நீளமும், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் கொண்ட அணை நிமிர்ந்தது. வெடிமருந்தாலும் துளைக்கருவிகளாலும் கரும்பாறையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கம் அமைக்கப்பட்டது. அதன் நீளம் 5,704 அடி. 1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆறு மலையின் வயிற்றினூடே கிழக்கே திரும்பிற்று. கம்பம் பள்ளத்தாக்குச் செழித்தது. வைகையின் பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் வழியே நிலக்கோட்டை, வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளுக்கு நீர் பாய்ந்தது. மானாவாரியாய்க் கிடந்த புன்செய் நிலங்கள் நன்செய்களாயின. பிற்காலத்தில் அந்நீர் மலையிலிருந்து இறங்கும் விசையால் மின்சாரமும் எடுக்கலாயினர்.

இறுதிக் காலம்

ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற பென்னிகுவிக், கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியின் தலைவராய் விளங்கினார். பெரியாற்று வேலை குறித்து அவர் எழுதிய கட்டுரைக்குப் பொறியாளர் கழகம் டெல்போர்டு பதக்கம் அளித்தது. 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள், தம் எழுபதாம் அகவையில், இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013ஆம் ஆண்டு தமிழக அரசு அவர்க்கு மணிமண்டபம் திறந்தது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தைத்திங்களில் வரும் அவர் பிறந்தநாளில் அப்பகுதி உழவர்கள் பொங்கலிட்டு அவரை நினைக்கின்றனர். தம் மக்களுக்கு அவர் பெயரை இடுவோரும் உளர். அயல் நாட்டார் ஒருவர், அயல் மொழி பேசியவர், இன்று இம்மண்ணின் உழவர் குடும்பங்களில் ஒருவராய் எண்ணப்படுகின்றார்.

ஆட்சியால் பெற்ற அதிகாரம் ஆட்சியோடு அகலும். மக்களின் பசி தீர ஆற்றிய தொண்டோ, ஆற்று நீரைப் போல் தலைமுறை தோறும் பாய்ந்து கொண்டேயிருக்கும். முயற்சி தளராது பிறர்க்கு உழைப்போர் மறைந்தும் வாழ்வர் என்பதற்குப் பென்னிகுவிக்கின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.