கூட்டிப் பெருக்கிய வீடு



மனிதனை விட்டு வெளியேறிய தீய ஆவி, தான் குடியிருந்த வீடு கூட்டிப் பெருக்கி வெறுமையாய்க் கிடக்கக் கண்டு, தன்னினும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த உவமையை நீங்கள் அறிவீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் அவ்வுவமை கண்முன்னே நடக்கின்றது. புனர்வாழ்வு நிலையத்தில் மாதக்கணக்காக இருந்து தெளிந்த முகத்தோடு மகன் வீடு திரும்புகின்றான். தாய் மெழுகுதிரி ஏற்றி நன்றி கூறுகின்றாள். ஆனால் அதே தெரு, அதே தவறணை, அதே நண்பர் கூட்டம். சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகின்றது.

சிகிச்சை முடிந்தபின் அவன் எங்கே, யாரோடு வாழ்வது? இக்கேள்வியோடு, இன்னொரு துறைமுக நகரின் ஏழைத் தொழிலாளி ஒருவரின் வாழ்வைச் சற்று நோக்குவோம்.

மாட் டால்பட் 1856 மே 2ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். பன்னிரு பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை துறைமுகத்தில் வேலை செய்தவர், பெருங்குடிகாரர். சகோதரர்களில் பெரும்பாலோரும் அவ்வழியே சென்றனர். ஏறத்தாழ 12 வயதில் பள்ளியை விட்ட சிறுவன் மாட், மது வணிகர் ஒருவரின் களஞ்சியத்தில் வேலைக்கு அமர்ந்தான். போத்தல்களின் அடியில் எஞ்சியதைச் சுவைக்கத் தொடங்கியவன், விரைவில் அதற்கு அடிமையானான். பின்னர் தந்தை தன்னோடு துறைமுகத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கும் விஸ்கிக் களஞ்சியத்திலேயே வேலை!

இளைஞரான பின் கட்டட வேலையில் கூலியாளாக இருந்தார். சம்பளம் முழுவதும் மதுவுக்கே போயிற்று. சப்பாத்தையும் அடகு வைத்துக் குடித்தார். ஒருமுறை, தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஏழை ஒருவரின் வயலினைத் திருடி விற்றுக் குடித்த அளவுக்குத் தாழ்ந்தார்.

1884ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை. வேலையின்றிக் கையில் காசும் இல்லாத நிலையில், மதுக்கடை அருகே தெருமுனையில் நின்றார். தாம் எத்தனையோ முறை வாங்கிக் கொடுத்த நண்பர்கள் சம்பளத்தோடு அவ்வழியே வந்தனர். ஒருவரும் அவரை அழைக்கவில்லை. நெஞ்சு நொறுங்கி வீடு திரும்பினார். தெளிந்த நிலையில் அவ்வளவு நேரத்தோடு வந்த மகனைக் கண்டு தாய் வியந்தார். இனிக் குடிப்பதில்லை என வாக்குறுதி எடுக்கப்போவதாக அவர் கூறியபோது, கடைப்பிடிக்கும் எண்ணமில்லாவிடில் எடுக்கவேண்டாம் என எச்சரித்து, இறைவன் துணையிருப்பாராக என வாழ்த்தி அனுப்பினார். அன்றே மாட் அருகிலிருந்த குருமடத்திற்குச் சென்று, பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதங்களுக்கு மதுவைத் தொடுவதில்லை என வாக்களித்தார். வயது 28.

அந்த மூன்று மாதங்கள் அவருக்குப் பெரும் வேதனையாய் இருந்தன. தவணை முடிந்ததும் மீண்டும் குடிக்கப்போவதாகவே தாயிடம் சொன்னார். ஆயினும் வாக்குறுதியைப் புதுப்பித்தார். பின்னர் அதையே வாழ்நாள் வாக்குறுதியாக்கினார்.

அன்பர்களே, இங்கே ஊன்றிக் கவனியுங்கள். அவர் வாழ்ந்த வீடு மாறவில்லை. தந்தையும் சகோதரரும் குடித்துக்கொண்டே இருந்தனர். அவருக்கென இல்லம் நடத்துவாரும் இல்லை. குடியை விட விரும்புவோர் ஒருவரையொருவர் தாங்கும் பெயர் வெளியிடாத மதுவடிமைகள் சங்கம் தோன்றியது 1935இல்தான். ஆகவே தம்மைக் காக்கும் வேலியைத் தாமே கட்டினார். வைகறைத் திருப்பலியோடு நாளைத் தொடங்கினார். ஆபத்தான மாலை வேளைகளைப் பழைய நண்பரிடமிருந்து விலகி ஆலயங்களில் கழித்தார். ஒருநாள் சோதனைக்கு உட்பட்டு மதுக்கடைக்குள் நுழைந்துவிட்டார். கவனிப்பாரின்றிச் சிறிது நேரம் நின்றபின் வெளியேறி ஆலயத்திற்கு விரைந்தார். அதன்பின் சட்டைப்பையில் பணம் வைத்து நடப்பதையே விட்டார். குருமடப் பேராசிரியர் ஒருவர் அவருக்கு ஆன்ம வழிகாட்டியானார். 1890இல் புனித பிரான்சிசின் மூன்றாம் சபையில் இணைந்தார். கடன்களையெல்லாம் அடைத்தார். வயலினுக்கு உரியவரை நகரெங்கும் தேடியும் காணாமல், அத்தொகையைத் திருப்பலிக்குக் காணிக்கையாக்கினார்.

துறைமுகத்தை ஒட்டிய மரக்காலையில் ஆண்டுக்கணக்காய் உழைத்தார். 1925 ஜூன் 7, திரித்துவ ஞாயிறன்று திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். அவர் உடலில் தவச் சங்கிலிகள் இருந்ததை அதன்பின்னரே உலகம் அறிந்தது. 1975இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். நம் பாலையூற்றில் லூர்து அன்னை அருள்பாலிப்பது போலவே, டப்ளினிலும் லூர்து அன்னை ஆலயத்திலேயே அவர் துயில்கின்றார்.

அவருடைய கடுந்தவத்தை நம் பிள்ளைகள் மேல் சுமத்த வேண்டாம். நீண்டகாலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதற்கு வைத்தியர் தேவை. ஆனால் அவர் கட்டிய வேலியை நாமும் கட்டலாம். சிகிச்சைக்குப் பின் சில காலம், மதுவின்றி வாழ்வோர் கூடி வாழும் இல்லமொன்றில் மகனைச் சேர்க்க எண்ணினால், கட்டணத்தை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். அங்கே எவரும் மதுவோ போதைப்பொருளோ தொடுவதில்லை என்னும் ஒழுங்கு உண்மையில் காக்கப்படுகின்றதா? மாலையில் திரும்ப நேரமும், பகலில் செய்ய வேலையும் உண்டா? பேசித் தேற்றும் ஆலோசகர் இருக்கின்றாரா? ஒருவர் தவறி விழுந்தால் தெருவில் விடுவார்களா, சிகிச்சைக்கு அழைத்துச் செல்வார்களா? அடிப்பதும் பூட்டிவைப்பதும் நடக்கும் இடமாயின், எத்தனை செபம் சொல்லப்பட்டாலும் அங்கே பிள்ளையை விடாதீர்கள். அவன் விரும்பிச் செல்லும் இடமாக அது இருக்கட்டும். நம்பத்தக்க இடங்களை அறிய, 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையையோ அரச வைத்தியசாலையையோ நாடலாம்.

அத்தகைய இல்லம் எட்டாத தூரத்தில் இருந்தால், மனம் தளராதீர்கள். மாட் டால்பட்டின் தாயைப் போல், நேரத்தோடு வீடு வரும் மகனுக்குக் கதவைத் திறந்து, ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். பழைய குற்றங்களை எண்ணிக் காட்டாதீர்கள். திருமணத்திற்கும் திருமுழுக்கிற்கும் போத்தல் திறக்கும் வழக்கத்தை உங்கள் வீட்டிலிருந்தே நிறுத்துங்கள். அயல்வீட்டுப் பிள்ளை திருந்தி வந்தால், மாலையில் அவனைச் செபமாலைக்கும் பந்து விளையாட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

டப்ளின் தெருமுனையில் மாட்டை அழைப்பார் ஒருவரும் இல்லை. நம் தெருமுனையில் நிற்கும் மகனைத் தவறணைக்கு அழைக்கப் பலர் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு முந்தி அவனை அழைப்பவர் நாமாக இருப்போம். வெறுமையாய் நின்ற வீட்டில் இறைவன் குடியேறட்டும். ஆமென்.