பந்து கொண்டு வந்த பொறியாளர்

கால்பந்து என்றவுடன் நம் நினைவுக்குப் பிரேசில் வரும், இங்கிலாந்து வரும். ஸ்லோவேனியா வருமா? வராது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோஷியா ஆகிய நான்கு நாடுகளும் சூழ்ந்து நிற்க, இருபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களோடு வாழும் சின்னஞ்சிறு நாடு அது. 1991-இல்தான் தனி நாடாயிற்று. ஆனால் அதன் தலைநகராம் லியூப்ளியானாவில் 1911-ஆம் ஆண்டிலேயே இலிரியா என்றொரு விளையாட்டுக் கழகம் எழுந்துவிட்டது. நாடு பிறப்பதற்கு எண்பது ஆண்டுகள் முன்னரே அந்நாட்டாரின் கழகம் பிறந்துவிட்டது என்பது வியப்பன்றோ!

அக்கழகத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த ஸ்டாங்கோ பிளௌடெக் என்பாரின் வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதப் புகுந்தேன். அவர் எத்தனை கோல் அடித்தார் என்று யாரேனும் கேட்டால் என்னிடம் விடை இல்லை. புகழ் பெற்ற ஆட்டக்காரர்களின் வரலாற்றை விட்டு இவரை ஏன் எடுத்தாய் என்று நண்பன் ஒருவன் கேட்டான். பந்தை உதைத்தவர்களைப் பற்றி எழுதப் பலர் உண்டு. பந்தையே கொண்டு வந்தவரைப் பற்றி எழுத ஒருவராவது வேண்டாமா?

பிளௌடெக் 1890-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் இத்ரியா என்ற சுரங்க ஊரில் பிறந்தார். தந்தையார் செக் இனத்தவர், தாயார் ஸ்லோவேனியர். அந்நாளில் அப்பகுதி முழுதும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இத்ரியா என்றால் பாதரசம். பாதரசம் என்றால் இத்ரியா. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அங்கே பாதரசம் தோண்டினார்கள். உலகிலேயே இரண்டாவது பெரிய பாதரசச் சுரங்கம் அது. இயற்பியல் மாணவனாகிய நான் ஆய்வகத்தில் பாரமானியைப் பார்க்கும்போதெல்லாம் இனி அந்த ஊரை நினைத்துக்கொள்வேன்.

இளைஞர் பிளௌடெக் உயர்கல்விக்காகப் பிராக் நகரம் சென்றார். அக்காலத்தில் பிராக் வெறும் கல்வி நகரம் மட்டுமன்று. ஸ்லாவியா, ஸ்பார்ட்டா என்ற இரு பெருங்கழகங்கள் 1890-களிலேயே தோன்றி, செக் மக்களுக்குக் கால்பந்தை ஒரு பெருமையாகவே ஆக்கியிருந்தன. ஜெர்மன் மொழி பேசுவோரின் ஆதிக்கத்தில் இருந்த பேரரசில், செக் மொழி பேசுவோர் தம் கழகம், தம் கொடி, தம் நிறம் என்று ஆடுகளத்திலேனும் தலை நிமிர்ந்து நின்றனர்.

லியூப்ளியானாவின் நிலை வேறு. அங்கும் ஜெர்மன் மொழியாருக்கும் ஸ்லோவேனியருக்கும் பூசல் உண்டு. 1908 செப்டம்பரில் நடந்த கலவரத்தின்போது படையினர் சுட்டதில் ஸ்லோவேனிய இளைஞர் இருவர் தெருவில் மடிந்தனர். ஜெர்மானியருக்கு நகரில் விளையாட்டுக் கழகம் இருந்தது. ஸ்லோவேனிய மாணவர்களுக்கோ ஆட ஆசை இருந்தது. ஆடுவதற்கு ஒழுங்கான பந்துகூட இல்லை. இந்த நேரத்தில்தான் லியூப்ளியானா இளைஞர்களின் கையில் முதல் உண்மையான கால்பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் பிளௌடெக் என்று அந்நாட்டு விளையாட்டு வரலாறு குறிக்கிறது. ஒரு தோல் பந்து! உள்ளே காற்று, வெளியே தையல். அவ்வளவுதான். ஆனால் இரு இளைஞர்களின் இரத்தம் சிந்திய ஊரில், தம் மொழியில் கூவிக்கொண்டு ஆடுவதற்கு ஒரு பந்து கிடைப்பது எத்தகைய பொருள் உடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இலிரியா தோன்றியது. பிளௌடெக் அதன் முன்னோடிகளுள் ஒருவராக நின்றார், தாமும் ஆடினார். கால்பந்தோடு அவர் ஆசை அடங்கவில்லை. வட்டு எறிந்தார். பனிக்கட்டி மேல் அழகுறச் சறுக்கும் போட்டிகளில் கலந்துகொண்டு முதன்மை பெற்றார். ஒரே மனிதருக்கு இத்தனை விளையாட்டா என்று நமக்குத் தோன்றும். விளையாட்டே இல்லாத ஊரில் முதலில் வருகிறவன் எல்லாவற்றையும் தானே செய்துதான் தீரவேண்டும் போலும்.

ஆனால் வயிற்றுக்கு உணவளித்தது பொறியியல். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் விமானம் என்பது புத்தம் புதிய பொருள். ரைட் சகோதரர்கள் பறந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. இகோ எட்ரிச் என்ற ஆஸ்திரிய விமான முன்னோடியின் தொழிற்கூடத்தில் பிளௌடெக் வேலை பார்த்தார். காற்றில் மிதந்து இறங்கும் ஒரு காட்டுக்கொடியின் விதையைப் பார்த்துத் தம் விமானத்தின் இறக்கையை வடிவமைத்தவர் அந்த எட்ரிச். அத்தகையவரிடம் தொழில் பழகியவருக்குக் காற்றின் போக்கு கைவந்த கலையானதில் வியப்பென்ன!

1918-இல் பேரரசு உடைந்தது. ஸ்லோவேனியர் செர்பியரோடும் குரோஷியரோடும் சேர்ந்து ஒரே அரசின் கீழ் வந்தனர். 1920-இல் லியூப்ளியானாவில் கால்பந்துச் சங்கம் அமைந்தது. இலிரியா அச்சங்கத்தின் வாகையர் பட்டத்தை அந்தப் பத்தாண்டுகளில் பலமுறை வென்றது. கழகம் வளர்ந்தது, கால்பந்தோடு நீச்சல், ஓட்டம், பனிச்சறுக்கு என்று பல கிளைகள் விட்டது. கிளைக்குக் கிளை இடம் வேண்டுமே! நீச்சல் வீரனுக்குக் குளம் வேண்டும். சறுக்குபவனுக்குக் களம் வேண்டும். 1929-இல் லியூப்ளியானாவில் பிளௌடெக்கின் வரைபடப்படி ஐம்பது மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளம் இலிரியாவின் பெயராலேயே திறக்கப்பட்டது. ஆட்டக்காரராய் நுழைந்தவர் அதற்குள் களம் அமைப்பவராக மாறிவிட்டிருந்தார்.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொத்தனார். நூல் கயிறு, தூக்குக்குண்டு, ரசமட்டம் இவை மூன்றும்தான் அவருடைய சொத்து. அவர் கட்டிய சுவர்கள் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ நிற்கின்றன. எந்தச் சுவரிலும் அவர் பெயர் இல்லை. திறந்து வைத்தவர் பெயர்தான் கல்வெட்டில் இருக்கிறது. பிளௌடெக்கின் கதையில் என் மனம் தோய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கட்டியவரின் பெயரை ஒரு நாடு நினைவில் வைத்திருக்கிறதென்றால் அது எனக்குப் பெரிய செய்தி.

விமான ஆசையும் அவரை விடவில்லை. 1925-இல் ஸ்ராக்கா என்ற சிறு விமானத்தை அமைத்தார். பின்னர் லோய்ஸே என்றொரு விமானம் வந்தது. லோய்ஸே என்பது அந்நாட்டில் ஆண்பிள்ளைக்கு இடும் பெயர். நம்மூரில் மாட்டு வண்டிக்காரர் தம் காளைக்கு முருகன் என்று பெயர் வைப்பது போன்ற பாசம்தான் அது என நினைக்கிறேன். அவருடைய விமானங்களை ஓட்டியவர் யானெஸ் ட்சோல்னார் என்ற துணிச்சல்கார விமானி. 1934-இல் லோய்ஸே விபத்துக்குள்ளாகி ட்சோல்னார் உயிரிழந்தார். பிளௌடெக் விமானம் கட்டுவதை அத்தோடு விட்டுவிட்டார்.

தாம் கோடு கிழித்த பொருளில் ஏறிப் போனவன் திரும்பி வராவிட்டால் அந்தக் கோடு கிழித்தவன் நெஞ்சு என்ன பாடுபடும்! இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. கணக்குத் தெரிந்தவன் செய்யும் கணக்கில் பிறர் உயிர் இருக்கிறது என்பதை மட்டும் அறிவியல் படிக்கும் நாம் மறக்கலாகாது.

அதே 1934-ஆம் ஆண்டில்தான் பிளானிட்சாவும் தொடங்கியது. இத்தாலி, ஆஸ்திரியா எல்லைகளை ஒட்டி, உயர்ந்த சிகரங்களின் அடியில் கிடக்கும் பள்ளத்தாக்கு பிளானிட்சா. பனியைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கும் நம் நண்பர்களுக்காக அங்கு நடப்பதைச் சற்று விளக்குகிறேன். வீரன் காலில் நீண்ட இரு பலகைகளைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்கி வருவான். சறுக்குப் பாதை திடீரென முடிந்துவிடும். அங்கிருந்து எம்பி, இறக்கையின்றி, பொறியின்றி, காற்றில் பறந்து, கீழே மலைச்சரிவில் இறங்குவான். எவ்வளவு தூரம் பறந்தான் என்பதே முக்கியமான கணக்கு.

ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையில் மோதுவோம்; எலும்பு மிஞ்சாது. பிறகு இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? இங்கேதான் இருக்கிறது பொறியாளரின் மூளை. மோதலின் கடுமை மொத்த வேகத்தைப் பொறுத்ததன்று. தரைக்குச் செங்குத்தாக உள்ள வேகக் கூறினைப் பொறுத்தது. வீரன் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பறக்கும் திசைக்கும் மலைச்சரிவுக்கும் இடையே உள்ள கோணம் ஆறு டிகிரிதான் என்றால், ஆறு டிகிரியின் சைன் ஏறத்தாழ 0.1; எனவே செங்குத்து வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். அரை மீட்டர் உயரத் திண்ணையிலிருந்து குதிப்பதை விடச் சற்றுக் குறைவான அதிர்ச்சி! ஆகவே வீரனின் பறக்கும் பாதை எப்படி வளைகிறதோ அப்படியே மலையையும் வளைக்க வேண்டும். மண்ணை வெட்டியும் நிரப்பியும், விமானத்தின் இறக்கைக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு சரிவுக்கு வளைவு கொடுக்க வேண்டும். மனிதனுக்கு இறக்கை கட்டுவதை விட்டவர், மலையையே இறக்கைக்கு ஏற்ப வளைக்க வந்துவிட்டார் எனலாம்.

இதில் ஒரு நியாயமும் பேசியாக வேண்டும். பிளானிட்சாவின் பெருஞ்சரிவுக்கு முதலில் திட்டமிட்டு வேலை தொடங்கியவர் இவான் ரோஷ்மன் என்ற பொறியாளர். பிளௌடெக் பின்னர் வந்து அதை வளர்த்தார், பெரிதாக்கினார். சரிவுக்கோ பிளௌடெக்கின் பெயர் நிலைத்தது. ரோஷ்மனின் பெயர் நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. கட்டியவரை நினைக்கும் நாட்டிலும் கட்டியவர்களுள் ஒருவர் மறக்கப்படுகிறார். பிளௌடெக்கின் பெருமை இதனால் குறையாது. ஆனால் ரோஷ்மனைச் சொல்லாமல் போனால் இக்கட்டுரை குறைபட்டுவிடும்.

1934-இல் நார்வே நாட்டு பிர்கர் ரூட் அங்கே 92 மீட்டர் தாண்டி உலகையே வியக்க வைத்தார். உலகப் பனிச்சறுக்குச் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய சரிவு ஆபத்து, இது விளையாட்டன்று என்று முகம் சுளித்தது. ஆயினும் 1936 மார்ச் 15-ஆம் நாள், ஜோசப் பிராடில் என்ற பதினெட்டே வயதான ஆஸ்திரிய இளைஞர் பிளானிட்சாவில் நூறு மீட்டர் எல்லையைக் கடந்தார். மனித குலத்தில் முதல் ஆள்! 1938-இல் சங்கம் இறங்கி வந்து இந்தப் பறத்தலை ஒரு விளையாட்டாக ஏற்றது. விதி எழுதுவோர் மறுத்ததைச் சரியான கணக்கு ஏற்க வைத்தது என்பேன்.

மலையில் இப்படி வெற்றி என்றால் சமவெளியில் வேறு செய்தி. பணமுடை தாங்காமல் 1936-இல் இலிரியாவின் கால்பந்துப் பிரிவும், அதன் நெடுநாள் எதிரியான பிரிமோரியேயின் கால்பந்துப் பிரிவும் இணைந்து, லியூப்ளியானா என்ற புதுக் கழகமாயின. எதிரும் புதிருமாக ஆடியவர்கள் ஒரே சட்டை அணிந்தனர். பிளௌடெக் கொண்டுவந்த பந்து உருண்ட முதல் வீடு, பிராடில் பறந்த அதே ஆண்டில் கதவடைத்தது. பறத்தலைப் பற்றி ஊரெல்லாம் பேசிய அந்நாளில், பழைய இலிரியா ஆட்டக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

பிறகு போர். 1941-இல் லியூப்ளியானாவை இத்தாலியப் படை பிடித்தது. மறு ஆண்டு நகரைச் சுற்றி முள்வேலி போட்டது. பின்னர் ஜெர்மன் படை வந்தது. போர் முடிந்து யூகோஸ்லாவியா புது அரசாக எழுந்தபோது பிளௌடெக்குக்கு வயது ஐம்பத்தைந்து. பலர் ஓய்வை எண்ணும் வயது. அவரோ மீண்டும் வரைபலகையை எடுத்தார். 1948-இல் பிளானிட்சாவில் சுவிட்சர்லாந்தின் பிரிட்ஸ் சன்னன் 120 மீட்டர் பறந்தார். அதே ஆண்டில் பிளௌடெக் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினரானார். இறுதிவரை அப்பதவியில் இருந்தார். தம் வாழ்நாளில் அவர் வரைந்து கொடுத்த பனிச்சரிவுகள் ஏறத்தாழ நூறு.

1959 நவம்பர் 26-ஆம் நாள் லியூப்ளியானாவில் அவர் மறைந்தார். அவர் பெயரால் 1965 முதல் வழங்கப்படும் விருதுதான் ஸ்லோவேனியாவில் விளையாட்டுக்கான மிக உயர்ந்த விருது. கால்பந்து ஆடுபவரும் பெறலாம். மலை ஏறுபவரும் பெறலாம்.

அவரிடம் தொழில் கற்ற கோரிஷெக் சகோதரர்கள் பழைய சரிவுக்கு அருகிலேயே அதனினும் பெரிய சரிவொன்றை அமைத்து 1969-இல் திறந்தனர். 2025-இல் அந்தப் புதுச் சரிவில்தான் ஸ்லோவேனியாவின் டோமென் பிரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தார். பழைய சரிவு 2001-இல் இடிந்து விழுந்தது; 2012-இல் புதுப்பித்து எழுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. பிளௌடெக்கின் பெருஞ்சரிவு என்றே அழைக்கிறார்கள்.

இலிரியாவும் மாண்டுவிடவில்லை. அப்பெயரில் ஒரு கால்பந்துக் கழகம் லியூப்ளியானாவில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. தன் பெயரை எழுதும்போது 1911 என்ற எண்ணையும் சேர்த்தே எழுதுகிறது.