வைகறையை அறிவித்த பார்வையற்ற தோழர்

விடியலை ஊருக்கு அறிவிக்க ஒருவர் வேண்டுமெனில், எத்தகையவரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? கூரிய கண்ணுடையவரைத்தான் அன்றோ? அண்ணல் நபி (ஸல்) அவர்களோ அப்பணியைப் பார்வையற்ற ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர்தாம் ஹஸ்ரத் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள்.

மக்காவின் குறைஷிக் குலத்தவரான அவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தாய்மாமன் மகனார். இஸ்லாத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றவர். ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்குச் சத்தியத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தபோது, மார்க்க அறிவை நாடி இடையே வந்தார்கள். தலைவர்கள் நேர்வழி பெறவேண்டுமென்ற வேட்கையில் இருந்த நாயகம் அவர்களின் திருமுகம் சுளித்தது. அப்போது திருமறையின் 80-ஆவது அத்தியாயமான 'அபஸ' அருளப்பெற்றது. அலட்சியம் செய்யும் செல்வரைவிடத் தேடி வந்த அவ்வேழையே கவனிக்கத் தக்கவர் என்பது அதன் கருத்து.

அதன்பின் அவர்களுக்குக் கிடைத்த பணிகளைப் பாருங்கள்! ஹஸ்ரத் முஸ்அப் (ரலி) அவர்களுடன் மதீனாவில் குர்ஆன் கற்பித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது, அவர்கள் இடத்தில் நின்று தொழுகை நடத்தினார்கள். ரமலானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். மக்கள் சஹர் உண்பர். இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு ஒலித்ததும் உண்பதை நிறுத்துவர். விடிந்துவிட்டதென்று அருகிலிருப்போர் சொன்ன பின்னரே அவர்கள் பாங்கு சொல்வது வழக்கம்.

இதைச் சிந்தியுங்கள்! அவர்களை இரக்கப்பட்டு மூலையில் அமர்த்தவில்லை. ஊராரின் நோன்பையே அவர்கள் குரலில் ஒப்படைத்தனர். இல்லாத பார்வையை உடனிருந்தோர் ஈடுசெய்தனர். பின்னர், கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், காதிஸிய்யாப் போர்க்களத்திலும் கவசம் பூண்டு கொடி ஏந்தி நின்றார்கள்.

இதே படிப்பினைக்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. வேலூரிலிருந்து கணியம்பாடிக்குச் செல்லும் வழியில் பாகாயம் இருக்கிறது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமர்ந்து செய்யத்தக்க பணி இதுவென உடன் பணிபுரிந்தோர் வழிகாட்டினர். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழ அவரே காரணமானார். சமயம் வேறாயினும் படிப்பினை ஒன்றே.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அவ்வொதுக்கீடு நம் கடைக்கும் தோல் பட்டறைக்கும் வராது; அங்கே நம் ஈமான்தான் வற்புறுத்த வேண்டும். பார்வையற்ற இளைஞர் ஒருவர் வேலை கேட்டு வாசலில் நின்றால், சில்லறையைக் கையில் வைத்து அனுப்பிவிடுகிறோமா? அல்லது அவரால் இயன்ற பணி எது, அதற்கு நாம் செய்து தரவேண்டிய துணை எது என்று கேட்கிறோமா? சதகா ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். பொறுப்பு மானத்தைக் காக்கும்.

தகுதியுடையோரைத் தள்ளிவிடாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.