சிவகங்கைச் சீமையின் வேலு நாச்சியார்

ஓரியூர் என்றதும் உங்கள் நினைவில் வருபவர் புனித அருளானந்தர். 1693ஆம் ஆண்டு அவர் இரத்தம் சிந்திய அம்மண் இராமநாதபுரம் சேதுபதியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அச்சேதுபதி மரபிலே 1730இல் பிறந்தவர்தான் வேலு நாச்சியார். கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுள் அச்சீமையைப் பூர்வீகமாகக் கொண்டோரும் உளர். பாட்டிமார் வாயிலாக இப்பெயரை நீங்கள் கேட்டிருக்கவும் கூடும்.

ஆண் வாரிசு இல்லாத அரண்மனையின் ஒரே மகள் அவர். வாளும் வேலும் குதிரையேற்றமும் கற்றார். 1746இல் சிவகங்கையின் முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார்.

1772 ஜூன் மாதம் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கும்பினிப் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. மன்னர் மாண்டார். அரச குடும்பத்துக் கைம்பெண்கள் உடன்கட்டை ஏறுவதும் வழக்கிலிருந்த காலம் அது. அவரோ உயிரோடிருக்கத் துணிந்தார். மகள் வெள்ளச்சியை அழைத்துக்கொண்டு, பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் துணைவர, திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சிக்குத் தப்பிச் சென்றார்.

எட்டு ஆண்டுகள்! சொல்வது எளிது. நாடில்லை, வருமானமில்லை, பிறர் தயவிலே வாழ்வு. சிவகங்கையின் பெயரையே நவாப் உசேன் நகர் என்று மாற்றிவிட்டான். ஐயாயிரம் குதிரை வீரரும் ஐயாயிரம் காலாட்களும் வேண்டி மைசூர் ஐதர் அலிக்கு ஓலை எழுதிய முதிய பிரதானியும், உதவி வருமுன்னரே கண்ணை மூடினார். வளர்ந்துவரும் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தாய் எத்தனை இரவுகள் உறங்காதிருந்திருப்பார் என்பதைத் தாய்மார்களே, நீங்கள் அறிவீர்கள்.

1780இல் ஐதர் அலியின் துணையுடன் படை திரட்டி வந்து, சிவகங்கையை மீட்டு அரியணை ஏறினார். ஜான்சி ராணி வாளெடுத்த 1857க்கு அது 77 ஆண்டுகள் முந்தியது.

அவ்வெற்றிக்கு விலை கொடுத்த வேறிரு பெண்களையும் அந்நாட்டு மக்கள் மறக்கவில்லை. தம் உடலிலே தீ மூட்டிக்கொண்டு எதிரியின் வெடிமருந்துக் கிடங்கினுள் பாய்ந்தவர் குயிலி. அரசி சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்டவள் மாடு மேய்த்த உடையாள். இவை செவிவழிச் செய்திகளே. அக்கால ஆவணங்களிலே இவர்கள் பெயர் இல்லை. ஏழைப் பெண்களின் பெயரை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதி வைத்தான்?

வேலு நாச்சியார் 1796 டிசம்பர் 25ஆம் நாள் காலமானார். 2008இல் இந்திய அரசு அவருக்கு நினைவு முத்திரை வெளியிட்டது. உடையாள் வீழ்ந்த கொல்லங்குடியிலே அரசி தம் தாலியையே காணிக்கையாக வைத்தார் என்று அவ்வூரார் இன்றும் சொல்கின்றனர்.