நாலு பேட்டரியில் ஜெயித்தவர்

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம் நண்பர்களே. எலக்ட்ரானிக்ஸ் முடிச்சிட்டீங்க. பெரிய கம்பெனிங்க எதுவும் உங்களை எடுக்கல. கடைசியில உள்ளூர்லயே ஒரு சீட்டுக்கட்டு கம்பெனி கூப்பிடுது. டிசைன் வேலை இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. சீட்டு தயாரிக்கிற மெஷின்களை ரிப்பேர் ஆகாம பார்த்துக்கணும், அவ்வளவுதான். போவீங்களா?

1965-ல் ஒருத்தர் போனார். பெயர் குன்பே யோகோய். 1941-ல் ஜப்பானில் கியோட்டோவில் பிறந்தவர், அதே ஊர் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தச் சீட்டுக் கம்பெனியின் பெயர் நிண்டெண்டோ. 1889-லிருந்து ஹனாஃபுடா என்ற பூச்சீட்டு செய்துகொண்டிருந்த பழைய நிறுவனம். இன்று வீடியோ கேம் என்றாலே நினைவுக்கு வரும் அந்தப் பெயருக்கு அப்போது கேமோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மெஷின் நல்லா ஓடிச்சுன்னா மெயின்டனன்ஸ் ஆளுக்கு வேலை இருக்காது. அந்தச் சும்மா இருந்த நேரத்தில் யோகோய் ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பிடியை அழுத்தினால் நீண்டுபோய் எதிரே இருப்பதைக் கவ்வும் ஒரு கை. ஒருநாள் முதலாளி ஹிரோஷி யமவுச்சி கண்ணில் அது பட்டுவிட்டது. திட்டு விழும்னுதானே நினைப்பீங்க? இதையே விற்பனைக்குத் தயார் பண்ணு என்றார் முதலாளி. 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ரிப்பேர் பார்க்க வந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்த கதை ரயிலில் நடக்கிறது. ஷின்கான்சென்னில் பயணம் செய்தபோது, பொழுது போகாத ஒரு ஆபீஸ்காரர் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா அமுக்கிக்கொண்டிருப்பதை யோகோய் பார்த்தார். அந்தச் சமயத்தில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் கடும் போட்டி. எல்சிடி திரையின் விலை தரைக்கு இறங்கியிருந்தது. அந்த மலிவான திரையை வைத்தே பாக்கெட்டில் போடுகிற கேம் செய்தால் என்ன? 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. 1982-ல் அதில் டாங்கி காங் கேமைக் கொண்டுவரும்போது ஒரு பிரச்சினை. ஜாய்ஸ்டிக் வைத்தால் சட்டைப்பையில் போட முடியாது. அதற்காக அவர் கூட்டல் குறி வடிவில் ஒரு தட்டையான பட்டன் வைத்தார். உங்க ரூம்ல இருக்கிற எந்த கேம் கன்ட்ரோலரையும் எடுத்துப் பாருங்க. இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற அந்தக் கூட்டல் குறி அல்லது அதன் சாயல், அங்கிருந்து வந்ததுதான்.

இப்படி வேலை செய்வதற்கு அவர் ஒரு பெயரும் வைத்திருந்தார்: வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது. அதாவது புதுசு புதுசாக வரும் சரக்குக்குப் பின்னால் ஓடாதே. எல்லாருக்கும் தெரிந்த, விலை குறைந்த, எங்கே பழுதாகும் என்று தெளிவாகத் தெரிந்த ஒன்றை எடு; அதை யாரும் வைக்காத இடத்தில் வை.

இது வெறும் பேச்சா, நிஜமாகவே ஜெயிக்குமா? உங்களையே ஓனராக வைத்துப் பார்த்துவிடலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம், அமெரிக்கா. கையில் வைத்து ஆடும் கேம் பெட்டி ஒன்று வாங்கப் போகிறீர்கள். கடையில் மூன்று இருக்கின்றன. ஒன்று 1989-ல் வந்த அட்டாரி லிங்ஸ்: கலர் திரை, பின்னால் விளக்கு, அறிமுக விலை கிட்டத்தட்ட 180 டாலர். இன்னொன்று சேகா கேம் கியர்: அதுவும் கலர், அதுவும் விளக்கு, ஏறக்குறைய 150 டாலர். மூன்றாவது யோகோயின் குழு செய்த கேம் பாய்: பச்சை பூத்த திரை, நாலே நாலு சாயல், விளக்கே கிடையாது. ஏறக்குறைய 90 டாலர், கூடவே டெட்ரிஸ் இலவசம். உள்ளே இருப்பது 8 பிட் சிப். நம்ம லேப்ல இன்னும் 8085 கிட்டைத் தட்டிக்கிட்டு இருக்கோமே, கிட்டத்தட்ட அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரன்.

கடையில் நின்று பார்த்தால் கேம் பாய் தோற்றுவிட்டது. சந்தேகமே இல்லை. பக்கத்துல கலர் டிவி ஓடும்போது பிளாக் அண்ட் வொயிட்டை யார் பார்ப்பா?

இப்போ வீட்டுக்குக் கொண்டு வாங்க. கேம் கியரில் ஆறு பென்சில் பேட்டரி போடணும். திரைக்குப் பின்னால் எரிவது குட்டி டியூப் லைட் மாதிரியான விளக்கு, கரண்ட்டைக் குடித்துவிடும். நாலு மணி நேரம் தாண்டுவது கஷ்டம். லிங்ஸும் அதே ஆறு பேட்டரி, அதே கதை. கேம் பாய்க்கு நாலு பேட்டரி. குறைவாக வைத்தாலும் 15 மணி நேரம். கணக்குப் போடுங்க. ஒரு லீவில் 60 மணி நேரம் ஆடுகிறீர்கள் என்றால், கேம் கியருக்கு 15 செட், அதாவது 90 பேட்டரி. கேம் பாய்க்கு 4 செட், 16 பேட்டரி. மூணாவது வாரத்துல எந்த அப்பா கேம் கியருக்குக் காசு கொடுப்பார்? அடாப்டர் குத்தி ஆடலாம்தான். ஆனா சுவரோட கட்டிப் போட்ட அப்புறம் அது கையடக்கப் பெட்டியா?

அதோட, கேம் பாய் நண்பர்களிடமும் இருந்தது. ஒரு கேபிள் மாட்டினால் இரண்டு பேர் எதிரெதிரே டெட்ரிஸ் ஆடலாம். கீழே விழுந்தாலும் தாங்கும். கடையில் தோற்ற பெட்டி வீட்டில் ஜெயித்தது. கேம் கியர் சுமார் ஒரு கோடி விற்றது. கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்தைத் தாண்டின.

இத்தோடு முடித்தால் நல்ல கதைதான். ஆனால் அடுத்து நடந்ததையும் தெரிந்துகொள்ளணும்.

1995-ல் யோகோய் ‘வெர்ச்சுவல் பாய்’ கொண்டுவந்தார். முப்பரிமாணமாகத் தெரியும் கேம். இங்கேயும் அதே வழிதான்: விலை குறைந்த, கரண்ட் அதிகம் தின்னாத சிவப்பு எல்இடி. கறுப்பும் சிவப்பும் தவிர வேறு நிறமே இல்லை. தலையில் மாட்டவும் முடியாது, கையில் பிடிக்கவும் முடியாது. மேசை மேல் ஸ்டாண்டில் வைத்து, குனிந்து, அதற்குள் முகத்தைப் புதைத்து ஆடணும். கொஞ்ச நேரத்தில் கண்ணும் வலிக்கும், கழுத்தும் வலிக்கும். பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கோ ஒன்றும் தெரியாது. விற்றது 8 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஒரு வருடத்துக்குள் கடையைக் கட்டினார்கள்.

அதே மனிதர், அதே கொள்கை. ஏன் ஒன்று ஜெயித்து மற்றது தோற்றது? எனக்குப் புரிந்தது இதுதான். கேம் பாயில் மலிவான பாகம் ஓனரின் நாளுக்குப் பொருந்தியது: பஸ்ஸில், படுக்கையில், மைதான ஓரத்தில். வெர்ச்சுவல் பாயில் ஓனர்தான் பெட்டிக்காகக் குனிய வேண்டியிருந்தது. மலிவு என்பது பாதி வேலை. மீதிப் பாதி, அதை வைத்திருப்பவனின் கையும் கழுத்தும் பர்ஸும்.

1996 ஆகஸ்டில் யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விதான் காரணம் என்று ஊர் பேசியது, அவர் மறுத்தார். 31 வருடம் ஒரே கம்பெனியில் இருந்துவிட்டு, ஐம்பத்தைந்தாம் வயதில் கோட்டோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காக வொண்டர்ஸ்வான் என்ற புதுக் கையடக்கப் பெட்டியில் வேலை செய்தார். அதாவது, தான் பெற்ற பிள்ளைக்கே போட்டி. மறுபடியும் பிளாக் அண்ட் வொயிட். இந்த முறை ஒரே ஒரு பென்சில் பேட்டரி.

அது கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4, இஷிகாவா பகுதியில் ஒரு விரைவுச்சாலை. அவர் வந்த கார் முன்னால் போன வண்டியில் இடித்தது. என்ன ஆச்சுன்னு பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மேல் மோதியது. வயது 56. வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் 4,800 யென்னுக்கு வெளிவந்தது. அதோடு வந்த புதிர் கேமுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: குன்பே.

பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல பெயர் வராம ரூம்ல உட்கார்ந்திருக்கிற நண்பா, இந்தக் கட்டுரை முக்கியமா உனக்குத்தான். நாளைக்கு நீ போற இடம் சீட்டுக்கட்டு கம்பெனியா இருக்கலாம். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கிற நேரத்துல நீ என்ன செய்யறேங்கறது உன் கையிலதான் இருக்கு. வேலை கிடைச்சவங்களுக்கும் ஒண்ணு: ஃபைனல் இயர் புராஜெக்ட்ல புதுசா எதைச் சேர்க்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, அதை வாங்கிட்டுப் போறவர் மூணாவது வாரமும் ஆன் பண்ணுவாரான்னு கேட்டுப் பாருங்க.